டிராவல் டிரெய்லரின் பின்னால் சைக்கிளும் சாமானும் ஏற்றும் முன்: அமெரிக்காவில் புதிதாக டிரெய்லர் வாங்கியவர்களுக்கு

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடு, வாங்கியதும் எல்லாக் குடும்பத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகளின் சைக்கிளை எங்கே மாட்டுவது? அப்புறம் ஜெனரேட்டர், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, விறகு என்று பட்டியல் நீளும். டிரெய்லரின் பின்பக்கம் காலியாக இருக்கிறது, அங்கே ஒரு பம்பரும் இருக்கிறது, அதில் மாட்டிவிடலாம் என்று தோன்றும். நான் விசாரித்தபோது டீலர் ஒன்று சொன்னார், சைக்கிள் மாட்டும் ரேக் விற்கும் கடை வேறு சொன்னது, வெல்டிங் கடைக்காரர் இரண்டையும் மறுத்தார். மூன்றையும் சரிபார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் ஒரு கோடைக்காலமே போய்விட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பிக்கப் டிரக்கின் பின்னால் பந்து ஹிட்ச்சில் இழுக்கும் சாதாரண டிராவல் டிரெய்லருக்கு. டிரக் படுக்கையின் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தளம்) மேல் உட்காரும் ஃபிஃப்த் வீலுக்குக் கணக்கு வேறு.

1. முதலில் ஸ்டிக்கர்களைப் போனில் படம் எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஐந்து ஸ்டிக்கர்களைத் தேடிப் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள்.

டிரெய்லரின் வெளியே, இடதுபக்கச் சுவரின் முன்பகுதியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம், ஒவ்வொரு ஆக்சிலும் (சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டு) எவ்வளவு தாங்கும், டயர் அளவு, காற்றழுத்தம் எல்லாம் அதில் உண்டு. வாசல் கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று: சாமான் எடை இவ்வளவு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லும். டீலர் மாட்டிக் கொடுத்த கூடுதல் பேட்டரி, நீங்கள் பிறகு வைத்த சோலார் பலகை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிரக்கில் டிரைவர் கதவைத் திறந்தால் இரண்டு தெரியும். ஒன்று ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்பது, அதாவது பேலோட். இன்னொன்று முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் தாங்கும் எடை. ஐந்தாவது ஸ்டிக்கர் டிரக்கின் ஹிட்ச் ரிசீவரிலேயே (ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) ஒட்டியிருக்கும். அழுக்கு படிந்து மறைந்திருக்கலாம், துடைத்துப் பாருங்கள். எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று அதில் இரண்டு எண்கள் இருக்கும்.

விளம்பரத்தில் வரும் "10,000 பவுண்டு இழுக்கும்" என்ற எண்ணை மறந்துவிடுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடுகிறது. 1,500 பவுண்டு பேலோட் உள்ள டிரக்கை எடுத்துக்கொள்வோம். நால்வர் சேர்ந்து 550, ஹிட்ச் இரும்பு 80, டிரெய்லர் டிரக்கின் மேல் இறக்கும் எடை 600. மிச்சம் 270. ஐஸ் பெட்டி, நாய், கருவிப்பெட்டி எல்லாம் இந்த 270-க்குள் அடங்க வேண்டும்.

2. டிரக் ஸ்டாப் தராசில் எடை போடுங்கள்

எடை போடாமல் யாரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையோர டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற தராசு இருக்கும். பைலட், ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்ற இடங்களில் பெரும்பாலும் உண்டு. முதல் எடைக்குச் சுமார் 15 டாலர் ஆகும். 24 மணி நேரத்துக்குள் அதே தராசில் மறுபடி போட்டால் சில டாலர்தான். போன் செயலியிலேயே பணம் கட்டலாம், அப்போது உள்ளே போய்ச் சீட்டு வாங்கும் வேலையும் இல்லை. லாரிக்காரர்கள் வரிசையில் நிற்காத ஞாயிறு காலை நேரம் நல்லது.

பயணத்துக்குப் போவதுபோலவே எல்லாரும் உட்கார்ந்து, எரிபொருள் டேங்க் நிரப்பி, சாமான் ஏற்றிப் போக வேண்டும். தராசில் தனித்தனிப் பலகைகள் இருக்கும். டிரக்கின் முன்சக்கரம் முதல் பலகையில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள்.

முதலில், எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் கம்பிகளைக் கழற்றிவிட்டு ஒரு எடை. பிறகு கம்பிகளை மாட்டி ஒரு எடை. பிறகு டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு டிரக் மட்டும் ஒரு எடை. கம்பிகளை ஏன் கழற்ற வேண்டும்? அவை டிரக்கின் பின்பக்கம் விழும் எடையில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிவிடும். உண்மையான எண் மறைந்துபோகும்.

கணக்கு எளிது. டிரக் மட்டும் 6,000. டிரெய்லரோடு, கம்பி இல்லாமல், டிரக்கின் இரண்டு பலகைகள் சேர்ந்து 6,600. டிரெய்லர் பலகை 4,400. அப்படியானால் டிரெய்லரின் மொத்த எடை 5,000, அது டிரக்கின் ஹிட்ச்சில் இறக்கும் எடை 600. இந்த 600-க்குத்தான் டங் வெயிட் என்று பெயர். 5,000-இல் 600 என்றால் 12%. டிராவல் டிரெய்லருக்கு இது 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வால் ஆட்டத் தொடங்கும். அதிகமானால் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும்.

3. பின்னால் வைக்கும் 150 பவுண்டு என்ன செய்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஹிட்ச் பந்திலிருந்து டிரெய்லர் ஆக்சிலின் நடுவரை 16 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலிலிருந்து பின்னால் மாட்டும் ரேக்கின் நடுவரை 12 அடி. அங்கே ரேக்கும் சைக்கிளும் சேர்த்து 150 பவுண்டு ஏற்றுகிறீர்கள். ஆக்சிலை அச்சாகக் கொண்டு அந்த எடை பின்பக்கத்தைக் கீழே அழுத்தும், முன்பக்கத்தை மேலே தூக்கும். ஹிட்ச்சில் குறையும் எடை 150 பெருக்கல் 12 வகுத்தல் 16, அதாவது சுமார் 112 பவுண்டு. டங் வெயிட் 600-லிருந்து 488-க்கு இறங்கிவிடும். டிரெய்லரின் மொத்த எடையோ 5,150 ஆகிவிட்டது. சதவீதம் 9.5. வீட்டு வாசலில் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது, ஆனால் டிரெய்லர் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஆக்சில் மேல் ஏறியதும் 150 அல்ல, 262. ஒற்றை ஆக்சில் உள்ள சிறிய டிரெய்லரில் அதற்கு இடமே இருக்காது.

டேப் எடுத்து உங்கள் டிரெய்லரில் இந்த இரண்டு தூரங்களையும் அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டியையும் சேர்க்க வேண்டும். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் என்றால் 334 பவுண்டு. தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் நிரப்பும்போது டங் வெயிட் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். தொட்டி எங்கே என்று விற்பனைக் காகிதத்தில் பெரும்பாலும் இருக்காது, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டியும் பின்னால், ரேக்கும் பின்னால் என்றால் முகாமுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலர் சொல்வார்கள்: "பின்னால் 150 வைத்தால் முன்னால் 100 வை, சமமாகிவிடும்." தராசு எண் சரியாகிவிடும், அது உண்மை. ஆனால் ஆட்டம் போகாது. காவடித் தண்டின் இரண்டு முனையிலும் குடம் கட்டிக்கொண்டு திரும்பிப் பாருங்கள். நீங்கள் நின்ற பிறகும் குடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரெய்லரும் அப்படித்தான். எடை நடுவில் இருக்கும் வரை ஒரு காற்றடி, ஒரு லாரி கடந்து போவது எல்லாம் சீக்கிரம் அடங்கும். எடை இரண்டு கோடியில் இருந்தால் தொடங்கிய ஆட்டம் அடங்க நேரம் எடுக்கும். ஆகவே முன்னால் எடை சேர்ப்பதை ஒரு திருத்தமாக மட்டும் வையுங்கள்.

4. பின்னால் வைக்காமல் முடியுமா என்று பாருங்கள்

பல குடும்பங்களுக்கு வழி இங்கேயே கிடைத்துவிடும். டிரக் படுக்கையில் பேலோட் மிச்சம் இருந்தால் சைக்கிள் அங்கே போகட்டும். டிரக்கின் முன்பக்கம் ரிசீவர் மாட்டி அதில் ரேக் வைப்பவர்களும் உண்டு. எடை டிரெய்லரில் சேராது என்பதால் எனக்கு இது பிடிக்கும், ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் ஹெட்லைட்டையும் மறைக்காத அளவில் இருக்க வேண்டும். டிரெய்லரின் முன்னால், கேஸ் சிலிண்டர் இருக்கும் முக்கோண ஃப்ரேமின் மேல் நிற்கும் ரேக்குகளும் விற்கிறார்கள். அதில் டங் வெயிட் ஏறும். மேலே போட்ட 12% கணக்கில் இடம் இருந்தால் நல்ல வழிதான். திரும்பும்போது டிரக்கின் மூலையில் சைக்கிள் இடிக்கிறதா என்று காலி மைதானத்தில் மெதுவாகச் சோதியுங்கள்.

டிரெய்லருக்குள்ளே, ஆக்சிலுக்கு நேர் மேலே, தரையில் படுக்க வைத்துக் கட்டுவதும் எடைக்கணக்கில் மிகச் சிறந்தது. அழுக்குத் தரை ஒன்றுதான் குறை. ஒரு பழைய போர்வை போதும்.

பின்சுவரில் இருக்கும் ஏணியில் எதையும் தொங்கவிடாதீர்கள். அது மெல்லிய சுவரில் திருகி வைத்தது. ஆடி ஆடித் திருகு தளர்ந்தால் அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கும், உள்ளே மரம் ஊறிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

5. பின்னால்தான் என்றால் பம்பரில் வேண்டாம், ஃப்ரேமில்

டிராவல் டிரெய்லரின் 4 அங்குலச் சதுர பம்பரைத் தட்டிப் பாருங்கள், டங் என்று வெற்றுக் குழாய் சத்தம் வரும். பல டிரெய்லர்களில் அது கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைக்கும் இடம். ஸ்பேர் டயரைத் தவிர வேறு எதையும் மாட்டாதே என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். "எல்லாரும் மாட்டுகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்று விற்பனையாளர் சொன்னால் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர் எழுதிக் கொடுக்கவில்லை.

நின்றிருக்கும்போது 150 பவுண்டு என்பது சாலையில் 150-ஆக இருப்பதில்லை. ஆக்சிலிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு பாலத்து இணைப்பிலும் அந்த முனை மேலும் கீழும் அடிக்கும். பம்பரை ஃப்ரேமோடு சேர்க்கும் வெல்டிங் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, ஒரு நாள் ரேக், சைக்கிள், பம்பர் எல்லாம் பின்னால் வரும் குடும்பத்தின் காருக்கு முன் விழும். இதை நினைத்துத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரியான வழி, டிரெய்லரின் இரண்டு நீள ஃப்ரேம் இரும்புகளையும் குறுக்காக இணைக்கும் 2 அங்குல ரிசீவர். போல்ட் போட்டு மாட்டும் கிட் உண்டு, வெல்டிங் செய்வதும் உண்டு. சில டிரெய்லர்கள் தொழிற்சாலையிலிருந்தே ரிசீவரோடு வருகின்றன. அதன் ஸ்டிக்கரில் எவ்வளவு பவுண்டு, இழுக்கவா, சுமக்க மட்டுமா என்பதைப் பாருங்கள். சுமக்க மட்டும் என்று இருந்தால் அதில் இன்னொரு டிரெய்லரை மாட்டக் கூடாது.

வெல்டிங் கடைக்குப் போகும் முன், டிரெய்லரின் விஐஎன் எண்ணோடு (வண்டியின் அடையாள எண்) தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஃப்ரேமில் ரிசீவர் வைக்கலாமா, எவ்வளவு எடை, வாரண்டி நிற்குமா என்று கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் இருக்கட்டும். கடையில் வேலை தொடங்கும் முன் டிரெய்லர் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, டிரக்கிலிருந்து வரும் 7 முனை பிளக்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மின்னணுப் பலகைகள் கருகலாம். கேஸ் சிலிண்டர்களை மூடிக் கழற்றி வெளியே வையுங்கள்.

6. ரேக் வாங்கும்போது

காருக்கு வாங்கிய விலையுயர்ந்த ரேக் வீட்டில் இருக்கும், அதையே மாட்டலாம் என்று ஆசை வரும். முதலில் அதன் கையேட்டைப் படியுங்கள். டிரெய்லரின் பின்னால் பயன்படுத்தக் கூடாது, செய்தால் வாரண்டி இல்லை என்று பல பெரிய பிராண்டுகளே எழுதியிருக்கின்றன. "ஆர்வி அப்ரூவ்டு" (இதுபோன்ற வீட்டு வண்டிகளுக்கு ஏற்றது) என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். அதிலும் ஒரு சைக்கிளுக்கு எவ்வளவு பவுண்டு என்று பாருங்கள். 35 பவுண்டுக்குச் செய்த ரேக்கில் 65 பவுண்டு மின்சைக்கிளை ஏற்ற முடியாது. மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி டிரக்குக்குள் வைத்தால் எடையும் குறையும், மழையிலும் நனையாது. சைக்கிளுக்கு உறை போட்டு ஓட்டுவதையும் பல ரேக் தயாரிப்பாளர்கள் தடுக்கிறார்கள், காற்றில் அது பாய்மரம் ஆகிவிடும்.

ரிசீவருக்குள் ரேக் கடகடவென்று ஆடாமல் இருக்க இறுக்கும் கிளாம்ப் ஒன்று வாங்குங்கள். அதோடு, ரேக்கை ரிசீவரில் பூட்டும் இரும்பு முள் உடைந்தாலும் ரேக் விழாதபடி ஃப்ரேமோடு சேர்த்து ஒரு ஸ்ட்ராப்.

7. கட்டுவதும் மறைக்காமல் இருப்பதும்

ரப்பர் கயிறு வேண்டாம், பிடியை ஆட்டி இறுக்கும் ராட்சட் ஸ்ட்ராப் போடுங்கள். கிளம்பி 10, 15 மைலில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். கட்டாயம் தளர்ந்திருக்கும். பிறகு பெட்ரோல் போடும் ஒவ்வொரு இடத்திலும்.

பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூன்றும் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். மறைந்தால் போலீஸ் நிறுத்தும். பிளேட்டை ரேக்குக்கு மாற்றும் தகடும், காந்தம் ஒட்டிய கூடுதல் விளக்கும் மலிவாகக் கிடைக்கின்றன. சாமான் டிரெய்லரைத் தாண்டி 4 அடிக்கு மேல் நீண்டால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு என்று பல மாநிலங்களில் விதி உண்டு.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பின்சுவரில் அவசர வழி ஜன்னல் இருந்தால், இரவு படுக்கும் முன் அதை மறைக்கும் எதையும் இறக்கிவிடுங்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியே வரும் வழி அது.

வண்டியின் வால் 3 அடி நீண்டுவிட்டதையும் மனதில் வையுங்கள். இடதுபக்கம் திரும்பினால் வால் வலதுபக்கம் வீசும், பெட்ரோல் பங்கில் தூணை உரசுவது இப்படித்தான். சரிவான நுழைவுகளில் ரேக் தரையில் தட்டும். முகாமில் இடம் பதிவு செய்யும்போது ரேக்கையும் சேர்த்த நீளத்தைச் சொல்லுங்கள்.

8. பின்னால் ஏற்றவே கூடாதவை

பெட்ரோல் கேன். பின்னாலிருந்து யாராவது மோதினால் முதலில் நசுங்குவது அதுதான். ஜெனரேட்டரும் டிரக் படுக்கையிலேயே வரட்டும். ஹோண்டாவின் சிறிய ஈயு2200ஐ கூட எரிபொருள் இல்லாமலேயே ஏறக்குறைய 47 பவுண்டு.

விறகில் பிரச்சினை எடை மட்டும் அல்ல. ஆஷ் என்ற மரங்களை அழிக்கும் மரகதத் துளைப்பான் போன்ற பூச்சிகள் விறகோடு ஊர் விட்டு ஊர் போகின்றன. நியூயார்க்கில், வெப்பப் பதம் செய்யாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோவதே சட்டப்படி குற்றம். போகும் ஊரிலேயே வாங்குங்கள்.

9. டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர்?

படகையோ சிறிய சாமான் வண்டியையோ மூன்றாவதாக இழுப்பதைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். கலிஃபோர்னியாவில் சாதாரண உரிமத்தோடு ஒரு வண்டிக்கு மேல் இழுக்கக் கூடாது. டெக்சாஸில் மொத்த நீளம் 65 அடிக்குள் இருந்தால் அனுமதி உண்டு. மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற இடங்களில் முதல் டிரெய்லர் ஃபிஃப்த் வீலாக இருக்க வேண்டும், மிச்சிகனில் ஓட்டுநர் உரிமத்தில் அதற்கென்று தனி ஒப்புதலும் வேண்டும். கிளம்பும் மாநிலத்தின் விதி மட்டும் போதாது, கடக்கும் ஒவ்வொரு மாநிலமும் அனுமதிக்க வேண்டும்.

புதியவர்களுக்கு என் கருத்து: வேண்டாம். பந்து ஹிட்ச்சில் ஆடும் டிரெய்லரின் வாலில் இன்னொரு ஆடும் வண்டி. இரண்டாவதற்கு ஏதாவது ஆனால் டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. பின்னோக்கி எடுப்பதும் ஏறக்குறைய முடியாத காரியம். ஆக்சில் கூடுவதால் டோல் கட்டணமும் ஏறும்.

10. காகிதம், செலவு, நாள்

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: ஐந்து ஸ்டிக்கர் படங்கள், தராசுச் சீட்டுகள், தயாரிப்பாளரின் மின்னஞ்சல் பதில், வெல்டிங் ரசீது, ரேக் கையேடு. இன்சூரன்ஸ் முகவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: ரிசீவர் வைத்ததைச் சொல்ல வேண்டுமா, ரேக்கிலிருந்து சாமான் விழுந்து அடுத்தவருக்குச் சேதமானால் டிரக் பாலிசி தருமா, சைக்கிள் திருடு போனால் எந்தப் பாலிசி? வாடகை டிரெய்லர் என்றால் இவ்வளவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் அனுமதி இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். நான் விசாரித்த அளவில் ரிசீவரும் வேலையும் சேர்த்து 200 முதல் 500 டாலர், ரேக் 200-லிருந்து 800, ஸ்ட்ராப், கிளாம்ப், விளக்கு சேர்த்து ஒரு 100, தராசுக்கு 40-க்குள். தயாரிப்பாளர் பதில் சொல்ல ஓரிரு வாரம் ஆகலாம். வசந்தகாலத்தில் வெல்டிங் கடைகளில் கூட்டம், ஆகவே மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே பயணத்துக்கு மார்ச்சிலேயே தொடங்குங்கள்.

டயரையும் அதற்குள் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற குறியோடு வரும் எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் செய்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால், பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் மாற்றுங்கள். வேகக் குறி தனியாக இல்லாத டிரெய்லர் டயர்கள் மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டச் செய்தவை அல்ல. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் வேக எல்லையே 55 மைல்தான்.

வழியில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கையால் இயக்கும் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும் வரை வீட்டு வாசலில் பழகுங்கள்.

ரேக் மாட்டி, சைக்கிள் ஏற்றியபின் அதே தராசுக்கு மறுபடி போங்கள். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பின்னாலிருந்து முதலில் ஒரு சைக்கிளை இறக்கி மறுபடி எடை போடுங்கள், அப்புறம் இன்னொன்று. அப்போதும் 10 சதவீதம் வரவில்லை என்றால் சைக்கிள்கள் வீட்டிலேயே இருக்கட்டும், போகிற ஊரில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.